போர்வைக்கு அந்தப் பக்கம்

காற்று அடித்தால் ஆபத்து என்று கோப்னெட்டுக்குத் தெரியும். தெரிந்தும், அடிக்காதா என்று ஏங்கினாள். மண்டியிட்ட கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மலைச்சரிவில் பாறைக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டுப் போர்வையைக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் பூசை வைக்கும் சாமியாரை யாரும் பார்க்கக்கூடாது. நாளைக்குப் பிடித்துப் போய் பைபிள்மேல் கைவைக்கச் சொன்னாலும், பார்க்கவில்லை என்று பாவமில்லாமல் சத்தியம் செய்யலாம். பூசையையே குற்றமாக்கிய கேடுகெட்ட சட்டத்துக்கு அந்த ஜனங்கள் கண்ட வழி அது.

பிரான்சுக்குப் படிக்கப் போன அவள் அண்ணன் ஃபினீன் சாமியாராகித் திரும்பிவிட்டான் என்று ஊரில் காதோடு காதாகப் பேச்சு. வீட்டில் அம்மா படுத்த படுக்கை.

"அவந்தானான்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டு வாடி. நிம்மதியாப் போய்ச் சேருவேன்" என்று காலையில் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள்.

"என்னடி, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டுற?" பக்கத்து வீட்டுப் பெரியவர் டொனாக்கா முணுமுணுத்தார்.

"எங்கண்ணனா இருந்தா, மாமா?"

"இருந்தா இன்னும் இறுக்கிக் கண்ணை மூடு. போறது அவன் கழுத்து."

அப்போது காற்று வந்தது. போர்வை பட்டென்று மேலே எழும்பியது. சொல்லி வைத்தாற்போல அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். கோப்னெட்டும் மூடினாள். அம்மாவை நினைத்து அழுகை முட்டியது.

நற்கருணை அப்பம் கொடுக்கும்போதும் யாரும் கண் திறப்பதில்லை. போர்வை இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வரும். அவள் வாயைத் திறந்தாள். உதட்டில் கட்டைவிரல் உரசியது. அதில் கோணல்மாணலாக ஒரு தழும்பு. அவள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே சிப்பாய்கள் அவளைப் பிடித்து, மறுநாள் நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள்.

"பூசை வச்சவனைப் பாத்தியா?" என்றார் நீதிபதி.

"சத்தியமாப் பாக்கலைங்க."

அந்த மகாபுத்திசாலி கண்ணைப் பற்றி மட்டும்தான் கேட்டார். விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு ஓடினாள்.

"பாத்தியாடி?" என்றாள் அம்மா.

"பாக்கலம்மா."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோப்னெட் அவள் கையை எடுத்துத் தன் உதட்டில் வைத்தாள்.

"சின்ன வயசுல மண்வெட்டி பட்டு, அண்ணன் கட்டைவிரலை நீ கோணலாத் தைச்சியே. அது இங்க பட்டுச்சும்மா."

அம்மாவின் விரல் வெகுநேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.