மூன்று ஜன்னல்களுக்குத் திரை

சாயப்பட்டறை எரிந்து நாலு மாதமாகியும் அந்த வீட்டு ஜன்னல்களில் அதுதான் தெரிந்தது. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மாமியாரின் அறையில் ஒன்று. மூன்றுக்கும் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், கூரை சரிந்த கருப்புக் கட்டடம். அந்த வீட்டு மருமகளின் கணவன் அங்கே பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவன்.

திரைக்கடைக்காரர் துணி மாதிரிகளைச் சோபாவில் பரப்பினார்.

“இதுல வெளிச்சமே விடாதது எது?” என்று கேட்டாள்.

அவர் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தார். “இது மூணு அடுக்கும்மா. பட்டப்பகல்லயே லைட்டு போடணும். கூடத்துக்காவது மெல்லிசா போடுங்க. வீடு குகை மாதிரி ஆயிடும்.”

“ஆகட்டும். மூணுக்கும் இதே.”

அவர் டேப்போடு மாமியாரின் அறைக்குப் போனார். ஜன்னலோர நாற்காலியிலிருந்து மாமியார் அசையவில்லை.

“இங்க ஒண்ணும் வேண்டாம். என் பிள்ளை வந்தா எனக்குத் தெரியணும்.”

நாலு மாதமாக இதே பேச்சுதான். உடலைப் பெட்டியில் வைத்து மூடித்தான் கொடுத்தார்கள். அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் மருமகள்.

“அவர் வரமாட்டார், அத்தை. நான்தான் பாத்தேனே.”

“முகத்தைப் பாத்தியா?”

எப்போதும் ஆமாம் என்பாள். இன்று வாய் வரவில்லை.

“முகம்னு ஒண்ணு இல்ல, அத்தை. பெல்ட்டு பக்கிளைக் காட்டினாங்க. அவரோடதுதான்னு சொல்லிட்டேன்.”

“அந்த மாதிரி பெல்ட்டு ஊருல ஒருத்தனா போடறான்?”

“உள்ள இருந்தது ஆறு பேர். வெளிய வந்தது ஆறு பெட்டி. எண்ணிட்டேன். நமக்குக் குடுத்தது அவர்தானான்னு எனக்கே தெரியாது. ஆனா ஆறுல ஒண்ணு அவர்தான்.”

கடைக்காரர் டேப்பைக் கையில் சுற்றியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் எழுந்து, தானே நாற்காலியை நகர்த்தினார்.

“அளந்துக்கப்பா. தரை வரைக்கும் வரட்டும்.”

அடுத்த வாரம் திரைகள் வந்தன. மகனைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. சாப்பாட்டைப் பற்றிய பேச்சும் நின்றது. மாமியார் அறையில் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். திரையே போட்டிருக்கக் கூடாது என்று மருமகளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் திரையை இழுத்துத் திறந்தாள்.

“கொஞ்ச நேரம் வெளிய பாருங்க, அத்தை.”

“யாரைப் பாக்க?”

அவள் திரையின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

“மூடு. கண்ணு கூசுது.”

மூடினாள்.

இரண்டு மாதத்தில் மாமியார் போய்ச் சேர்ந்தார். உயிர் எப்போது பிரிந்தது என்று டாக்டர் கேட்டார். திரை மூடிய அந்த அறையில், விடிவதற்கு முன்னாலா, பின்னாலா என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.