மஞ்சள் மணத்த ரேடியேட்டர்

லாரியின் ரேடியேட்டருக்குள் மஞ்சள்பொடியைக் கொட்டியது மரகதம்தான். விடிவதற்கு முன்னால், வாசலில் நின்றிருந்த வண்டியின் முன்மூடியைத் தூக்கி, தண்ணீர் ஊற்றும் வாயைத் திருகித் திறந்து, டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். மேலே ஒரு சொம்புத் தண்ணீர். மறுபடி மூடியைத் திருகிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் போல வாசல் தெளிக்கப் போய்விட்டாள்.

இந்த வித்தையை அவளுக்குச் சொன்னவன் டிரைவர் பேச்சிராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் தன் ஊர்ப் பையன்களோடு ஒரே அறையில் அடைந்து கிடப்பவன். போன மாசம் ரேடியேட்டரில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்து தண்ணீர் கசிந்தபோது, அவளிடம் வந்து கொஞ்சம் மஞ்சள் தூள் கேட்டான். எதற்கு என்றாள்.

"ஒரு சிட்டிகை போட்டா ஒழுக்கு நிக்கும்க்கா. ஒரு டப்பா போட்டா வண்டியே நிக்கும்" என்று சொல்லிச் சிரித்தான்.

சிரித்தவன் அதை அன்றைக்கே மறந்திருப்பான். மரகதம் மறக்கவில்லை. அவளுக்கு வண்டி நிற்க வேண்டியிருந்தது.

அவள் புருஷன் எல்லப்பனின் நிலம் முழுக்கத் தொழிற்பேட்டைக்குப் போய், லாரியாகத் திரும்பி வந்து வாசலில் நின்றது. மிச்சம் இருந்தது அவள் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்த கிணற்றுக் கொல்லை மட்டும். சித்திரை வெயிலிலும் வற்றாத கிணறு. எல்லப்பனின் கண் இப்போது அதன் மேல். கார் சீட்டு செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அவன் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வண்டிக்கும் அங்கே ஆர்டர் கிடைத்தால், கொல்லையை விற்று லாரி எடுப்பதாக முடிவு கட்டிவிட்டான். மாட்டேன் என்று சொன்னதில் அவளுக்கு உதடு கிழிந்தது. தம்பி வந்து பஞ்சாயத்து கூட்டிச் சத்தம் போட்டதில் கொஞ்ச நாள் தப்பித்தாள். கடைசியில், ஆர்டர் வரட்டும், வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஊரார் எதிரில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆர்டரே வராமல் போய்விட்டால்? லோடு ஒன்று தவறி, சீட்டு போய்ச் சேராமல், மறைமலை நகர் கார் கம்பெனியில் கார் பூட்டுகிற லைன் நின்றுவிட்டால் போதும். அந்த வண்டியை அப்புறம் எவன் சீந்துவான்?

அடுக்களை மஞ்சள் தூள் இதற்குக் காணாது. அதனால் அவள் குளிக்கிற பொடியை எடுத்தாள். குண்டு மஞ்சள், பூலாங்கிழங்கு, பயத்தம்பருப்பு, காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் சேர்த்து மில்லில் கொடுத்து அரைத்தது. இஞ்சின் சூட்டில் பருப்பு மாவு வெந்து கூழாகும், இன்னும் நல்லது என்று கணக்குப் போட்டாள்.

வாசனையை மறந்துவிட்டாள்.

வண்டி சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் படுத்துக்கொண்டது. டெம்பரேச்சர் முள் சிவப்பில் ஏறிய மாத்திரத்தில் பேச்சிராஜ் இஞ்சினை அணைத்து ஓரங்கட்டிவிட்டான். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் இஞ்சின் ஜாமாகிச் செத்திருக்கும். அதற்காக அவனை யாரும் மெச்சவில்லை. மறைமலை நகரில் சீட்டு இல்லாமல் லைன் நின்றது. மத்தியானத்துக்குள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து, ஒரகடம் கூட்டுரோட்டில் இசக்கிதுரையின் ரேடியேட்டர் பட்டறையில் விட்டார்கள்.

மரகதம் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்தே அங்கே போனாள். புருஷன் பசிக்காக இல்லை. செத்த வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

இசக்கிதுரை ரேடியேட்டரைக் கழற்றி இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். அவனும் தெற்கத்திக்காரன்தான். தகரக் கொட்டகை எல்லப்பனுடையது. இசக்கிதுரை அதில் வாடகைக்கு இருப்பவன். ஓரமாக பைக்கில் சாய்ந்து நின்று, சீட்டுக் கம்பெனியின் லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ரகுபதி, செல்போனில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். வாங்கி முடித்ததும் அதை எல்லப்பன் தலையில் இறக்கினான்.

"இத பாரு எல்லப்பா. தப்பு உன் வண்டி மேலயோ உன் வூட்டு மேலயோ இருந்துதுன்னா, இன்னியோட கம்பெனி கேட்டுக்குள்ள உனக்கு வேலை இல்ல. டிரைவர் பண்ண வேலைன்னா ஆளை மாத்திக்கோ. ரெண்டாவது வண்டிக்கும் நானே பேசுறேன்."

மரகதம் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் அவள் நினைத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

இசக்கிதுரை முதலில் வெளிப்புறத்தைக் கழுவினான். இஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்ச, வலைக்குள் அப்பியிருந்த பூச்சியும் புழுதியும் கரைந்து ஓடின. அடைப்பு வெளியில் இல்லை, உள்ளேதான் என்று முனகிக்கொண்டே கேஸ் விளக்கைப் பற்ற வைத்து, மேல் தொட்டியின் விளிம்போடு தீயை ஓட்டினான். பற்றவைப்பு ஈயம் உருகிச் சொட்டியது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, குறட்டால் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்தான்.

வரிசையாகத் தெரிய வேண்டிய குழாய் வாய் ஒன்றுகூடத் தெரியவில்லை. கேசரி கிண்டிக் கொட்டியதுபோல மஞ்சள் கூழ் இறுகிக் கிடந்தது. தகட்டுக் கம்பியை ஒரு குழாயில் விட்டுக் குத்தினான். கீழ்முனையில் மஞ்சள் புழுவாக நெளிந்து விழுந்தது.

அப்போதுதான் அந்த மணம் எழுந்தது. பட்டறையின் ஈய நாற்றத்தையும் ஆசிட் நெடியையும் தள்ளிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தலை குளித்துவிட்டு வரும் பெண்ணின் மணம்.

இசக்கிதுரையின் கை நின்றது. மரகதத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கொட்டகைக் கூரையைப் பார்த்தான். யாருடைய கூரை என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, குனிந்து அடுத்த குழாயைக் குத்தத் தொடங்கினான்.

எல்லப்பனின் மூக்கு விடைத்தது. கல்யாணமான நாளிலிருந்து தினம் பக்கத்தில் படுத்து முகர்ந்த மணம் அது. ஆனால் அவன் அவள் பக்கமே திரும்பவில்லை. ரகுபதியைப் பார்த்தான். பிறகு ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பேச்சிராஜைப் பார்த்தான்.

"இன்னாடா போட்ட இதுல?"

"போன மாசம் ஒழுக்குக்கு ஒரு சிட்டிகை போட்டேன் மொதலாளி. இவ்வளவு நான் போடலியே."

"போட்டேன்னு அவனே சொல்றான் பாரு" என்றான் ரகுபதி.

அதற்காகவே காத்திருந்தவன் போல எல்லப்பன் பேச்சிராஜின் வலது கையை மணிக்கட்டோடு பற்றி, குனியவைத்து, தீயில் காய்ந்து சூடு ஆறாமல் தரையில் கிடந்த ரேடியேட்டர் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அவன் போட்ட அலறல் ரோட்டுக்கு அந்தப் பக்க டீக்கடை வரை கேட்டது. அங்கே நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, டீயை ஆற விடாமல் குடித்தார்கள்.

"எல்லப்பா, இதெல்லாம் என் எதிர்ல வாணாம்" என்றான் ரகுபதி. சொல்லிவிட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். இப்போது அவன் எதிரில் ஒன்றும் நடக்கவில்லை.

கையை விடுவித்துக்கொண்ட பேச்சிராஜ், கசிவு பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் அதை முக்கினான். அவன் மூக்கிலும் அந்த மணம் ஏறியிருந்தது. தினம் காலையில் வண்டி எடுக்க வருகிற வாசல் மணம். அதை அவன் சொல்லவில்லை. மரகதத்தை மட்டும் பார்த்தான்.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. ஒங்ககிட்டத்தான வாங்கினேன். காயிதத்துல மடிச்சு ஒரு சிட்டிகை தந்தீயள்லா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தைதான். நான்தான் கொட்டினேன் என்று சொன்னால் தப்பு எல்லப்பன் வீட்டின் மேல் விழும். ரகுபதி இந்த நிமிஷமே ஆர்டரைக் கிழித்துப் போடுவான். கிணறும் கொல்லையும் அவளோடே கிடக்கும். இதற்காகத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள்.

தண்ணீருக்குள் பேச்சிராஜின் உள்ளங்கை தெரிந்தது. தோல் வெளுத்து, ஓரத்தில் கழன்று மிதந்தது. மரகதம் தன் கையைப் பார்த்தாள். ரேகைகளில் இன்னும் மஞ்சள் இருந்தது. தரையில் கிடந்த தொட்டியில் இன்னும் சூடு இருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இவன்தாங்க" என்றாள். "விடியக்காலம் வண்டியாண்ட நின்னுகினு இருந்தான். கையில டப்பா இருந்துது. தண்ணி ஊத்துறான்னு நெனச்சேன்."

பேச்சிராஜ் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். பிறகு, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, சந்தேகம் கேட்கிற குரலில் சொன்னான்:

"இது நீங்க பூசுத பொடி மணம்லாக்கா."

எல்லப்பன் அவனை இடுப்பில் உதைத்துத் தள்ளினான். "எங்க வூட்டுப் பொம்பள பூசிக்கிற மணம் உனக்கு எப்படிடா தெரியும்?"

ரகுபதி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்தது. காலையில் லோடு ஏற்ற வண்டி வந்துவிட வேண்டும், இரண்டாவது வண்டியையும் சீக்கிரம் பார்த்துக்கொள் என்று சொல்லி பைக்கை உதைத்துக் கிளப்பினான். பேச்சிராஜ் ஆயில் துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்தான். ஸ்டியரிங் பிடிக்கிற கை. இனி அது எதைப் பிடிக்கும் என்பது டாக்டருக்கே வெளிச்சம்.

இசக்கிதுரை ஒரு குழாய் விடாமல் குத்தி, ரேடியேட்டரை அழுக்கு கரைக்கிற காரத் தொட்டியில் முக்கியெடுத்து, தண்ணீர் தெளிந்து வருகிற வரைக்கும் அலசினான். தொட்டியைத் திரும்பப் பற்றவைத்து, காற்று அடைத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை. புதுசு மாதிரி ஆகிவிட்டது அண்ணாச்சி என்று எல்லப்பனிடம் சொன்னான். மரகதம் தூக்கைக் கழுவத் தண்ணீர் கேட்டபோது அவனுக்குக் காது கேட்கவில்லை.

எல்லப்பனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆர்டர் வந்துவிட்டது. அவள் வாயாலேயே வந்துவிட்டது.

எல்லப்பன் அடிக்கவில்லை, குரல்கூட உயரவில்லை.

"டப்பாவைக் கழுவி வச்சியா, அப்படியே கீதா?"

அவள் மஞ்சள் ஏறிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் சொன்ன. நீ சொல்லலன்னா அந்த ஆளு நம்பியிருக்க மாட்டான். நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசு. மாட்டேன்னா உன் தம்பியக் கூப்புடு, பஞ்சாயத்து வைக்கட்டும். அந்தப் பையன் கை எந்தப் பொடியால வெந்துதுன்னு ஊரு நடுவுல நான் சொல்றேன்."

மளிகைக் கடை வந்ததும் வண்டியை நிறுத்தினான். உள்ளே போய், குளிக்கிற மஞ்சள்பொடி பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து அவள் மடியில் போட்டான்.

"தீந்து போயிருக்கும். காலையில நல்லாப் பூசிக் குளி. ஆபீசுக்கு லட்சணமா வரணும்."

மரகதம் பாக்கெட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வழியில் கிணற்றுக் கொல்லை வந்தது. எல்லப்பன் வேகத்தைக் குறைக்கவில்லை.