சவுரி வாங்கிய மாப்பிள்ளை

கல்யாணமாகாத ஆண்பிள்ளை சவுரி வாங்கினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் என்று உம்மு குல்சும் முடிவு கட்டிவிட்டாள். அதுவும் வாங்கியவன், அவளுடைய ஒரே மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை மஃறூப்.

மலைநாட்டு அட்டன் பஜாரில் ஹமீத் முதலாளியின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் ஒரு பலகைச் சன்னல் உண்டு. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து. முதலாளியின் மனைவி உம்மு குல்சும் வீதிக்கு இறங்குவது அபூர்வம். ஆனால் வீதியில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. ஸ்டேஷனிலிருந்து யார் வீட்டுக்கு என்ன பெட்டி வருகிறது, எந்தத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா யாருடைய குடைக்குள் நடக்கிறார், எல்லாம் அந்தச் சந்து வழியாக மேலே ஏறிவிடும்.

சவுரியும் அப்படித்தான் ஏறியது. எதிரே வளையல், ரிப்பன் விற்கிற கடை. மஃறூப் போய் நின்றான். கடைக்காரன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றரை முழச் சவுரியை எடுத்துத் தொங்கவிட்டுக் காட்டினான். மஃறூப் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு மயிரை உருவி, இழுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். உம்மு குல்சுமைப் பெண் பார்த்தபோதுகூட ஹமீத் வீட்டார் இவ்வளவு பார்க்கவில்லை. சவுரியோடு ஓர் அட்டை கொண்டை ஊசி, ஒரு பெட்டி குண்டூசி, சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சு ஒரு குப்பி. ஒரு பெண்ணுக்கு வேண்டிய எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். பெண் எங்கே இருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

மஃறூப் திருகோணமலைக்காரன். அங்கே டொக்யாட்டில் வெள்ளைக்காரனுடைய போர்க்கப்பல்களுக்குப் பெயிண்ட் அடித்தவன். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது வேலை போய், மலையேறி வந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினான். ‘ஹமீத் அன் சன்ஸ்’ பலகை அவன் கைவேலைதான். ஹமீதுக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஆனாலும் ‘சன்ஸ்’ இல்லாத பலகையை பஜாரில் யார் மதிக்கிறார்கள்? எழுத்தின் நேர்த்தியைப் பார்த்த ஹமீத், பலகையில் இருக்கிற அந்த ‘சன்ஸ்’ இடத்துக்கு இவனையே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்துவிட்டார்.

மகள் ரபீக்காவுக்கு வயது இருபத்துமூன்று. இரண்டு சம்பந்தம் வந்து திரும்பிவிட்டது. பெண் பார்க்க வந்த பெண்கள் முக்காட்டை விலக்கிப் பார்த்தார்கள். செம்பட்டை முடி. வேரில் மட்டும் கறுப்பு. நுனிக்குப் போகப் போகச் செம்புக் கம்பி. போதாததற்கு மெல்லிசு. வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுவிட்டுப் போனவர்கள் பிறகு வரவேயில்லை. மூன்றாவதும் கைநழுவினால் ரபீக்கா வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அதற்காக, வேறொருத்திக்குச் சவுரி வாங்குகிறவன் கையில் பிள்ளையைப் பிடித்துக் கொடுக்க முடியுமா?

“சவுரி வாங்கினான். என்ட கண்ணால கண்டேன்” என்றாள் கணவனிடம்.

“தங்கச்சிக்கு அனுப்பியிருப்பான்.”

“ஒத்தப் புள்ளண்டு நீங்கதானே சொன்னீங்க. தங்கச்சி எங்கேருந்து மொளச்சா?”

“அப்ப பிரஸ் கட்ட வாங்கியிருப்பான். பெயிண்ட் பிரஸ்.”

“கியூடெக்ஸும் பிரஸ்ஸுக்கா?”

ஹமீத் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். “நோன்புப் பெருநாள் கழிஞ்சதும் வாக்குக் குடுக்கப் போறேன். அதுக்கெடயில கண்டுபுடிக்கிறதெல்லாம் கண்டுபுடிச்சிக்க.”

மூலையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த ரபீக்கா தலை நிமிராமல், “அவரிட்டயே கேட்டா என்ன உம்மா?” என்றாள்.

“வாயப் பொத்து. ஆம்பளட்டக் கேட்டா உண்ம வருமா?”

நோன்பு தொடங்கியது. நோன்பில் புறம் பேசக் கூடாது. ஆகவே உம்மு குல்சும் பேசவில்லை, விசாரித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பேரிக்காய் மரம், அதையொட்டி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம்தான் மஃறூப் வாடகைக்கு இருந்த அறை. சன்னலுக்கு உள்ளே பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. நல்ல மனிதனுக்கு எதற்கு மூடின சன்னல்? காது கொடுத்துக் கேட்டால் அரம் தேய்க்கிற சத்தம். பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான் அவளை அதிகம் வதைத்தது.

இந்த அலைச்சலில் ஒரேயொரு ஆறுதல். தலை வாரும்போது சீப்போடு வருகிற முடி அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது என்பது அந்த வீட்டு முறை. பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்துப் பேரிக்காய் மரத்தடியில் புதைக்க வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் ரபீக்கா அசைய மாட்டாள். இந்த நோன்பில்தான் யாரும் சொல்லாமலே டின்னைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். “நோன்பு புள்ளயத் திருத்திட்டு” என்று தாய் பூரித்துப்போனாள்.

விசாரணைக்கு ஆள் வீரம்மா. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்தால், பின்வாசலில் குந்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு செய்தியை அவிழ்ப்பாள்.

“மொதலாளியம்மா, ஒங்க பெயிண்டுக்கார நானா எங்க தோட்டத்துக்குல்ல வாறாரு! சப்பாத்துப் பொட்டியாட்டம் நீட்டமா ஒரு பொட்டி. பச்சப் புள்ளையத் தூக்குறாப்புல ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நேரா தொரை பங்களாவுக்குள்ள போறாரு. திரும்பையில வெறுங்கை.”

“பங்களாவுல யாரெல்லாம் ஈக்கிறாங்க?”

“தொரை ஒண்டிக்கட்டைங்க. தொரைசாணி சீமைக்குப் போயி வருசமாச்சு. அப்பொறம் ஆயா, காளியாயி.”

“அவள்ட முடி எப்படி?”

வீரம்மா சிரித்ததில் எச்சில் தெறித்தது. “முடியா? முன்னுச்சி மொட்டைங்க. பின்னால எலி வாலு.”

உம்மு குல்சும் தொடையில் தட்டினாள். “அதுக்குத்தான்டி சவுரி!”

“அட போங்கம்மா! அந்தக் கெழவிக்கு மூணு பல்லுதான் மிச்சம்.”

“பல்லுக்குக் கடையில ஒண்டும் விக்கிறதில்லயே. இருந்தா அதையும் வாங்கியிருப்பான்.”

சொன்னாளே தவிர, மொட்டைக் காளியாயி அவளுக்கே செரிக்கவில்லை. கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். நோன்பின் கடைசி வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் போன நேரம், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்சந்தில் இறங்கினாள். துணைக்கு வீரம்மா. அவள் காய்ச்சல் என்று சொல்லி, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகாமல் வந்திருந்தாள்.

கதவுக்குப் பூட்டு இல்லை. கம்பி வளைத்து மாட்டியிருந்தது. உள்ளே டர்பன்டைன் வாடை. சுவரில் ஆணியில் அதே சவுரி. பீங்கான் தட்டில் துண்டு துண்டாக வெட்டிய கொண்டை ஊசிகள். மேசை முழுக்க ஏதோ நீட்டமாகக் கிடக்க, மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

“யாத்தே, படுத்திருக்காடோய்” என்றாள் வீரம்மா.

உம்மு குல்சும் பிஸ்மி சொல்லித் துணியை இழுத்தாள்.

கப்பல்கள். ஐந்து போர்க்கப்பல்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண். தேயிலைப் பெட்டிப் பலகையில் செதுக்கிய உடம்பு. பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை வெட்டிச் சுருட்டிய புகைபோக்கி. கொண்டை ஊசித் துண்டுகள் மும்மூன்றாகப் பீரங்கிகளாய் நீட்டிக்கொண்டிருந்தன. விளிம்பெங்கும் குண்டூசிகள் வேலியாக நின்றன. அடிவயிற்றில் கியூடெக்ஸ் சிவப்பு. அவள் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். பெண் யாரும் இல்லை.

“எங்கப்பன் இந்தியாவுல மண்டபத்துல ஏறி வந்தது இந்த மாதிரிக் கப்பலாங்க?” என்று வீரம்மா கேட்டு, அவளே உற்றுப் பார்த்து, “இல்ல. அதுல ஆடு மாதிரி ஆளுகதான் இருந்துச்சாம், பீரங்கி இல்ல” என்றாள்.

பெரிய கப்பலின் உடம்பில் சாம்பலும் கறுப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாய்ப் பூசியிருந்தது. பூசணம் பிடித்ததா என்று உம்மு குல்சும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

“தொட்டுராதீங்க மாமி, பெயிண்ட் முழுசாக் காயல்ல!”

தொப்பியோடு வாசலில் மஃறூப். அவள் விரலை இழுத்தாள். பெருவிரல் சாம்பல் நிறமாகியிருந்தது. அந்நிய ஆணின் அறையில் மாட்டிக்கொண்டவள் வெட்கப்பட வேண்டிய இடம் அது. உம்மு குல்சும் அதைத் தாண்டிக் குதித்தாள்.

“என்ன கோலம் இது? எனத்துக்கு இப்படித் திட்டுத்திட்டா அடிச்சீக்கிற?”

“யுத்த நேரம் அப்படித்தான் அடிக்கிற, மாமி. கப்பல் எந்தப் பக்கம் போவுதெண்டு எதிரிக்கு வெளங்கப்படாது.”

“அப்ப கண்ணக் கட்டுறதுதான் ஒன்ட தொழிலா?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தோட்டத்துத் துரை யுத்தத்தில் கடற்படையில் இருந்தவர். கூடப் போன கப்பல்கள் ஒவ்வொன்றையும் மேசையில் நிறுத்திப் பார்க்க அவருக்கு ஆசை. மஃறூப் பையனாக இருந்தபோதே அவற்றுக்கெல்லாம் நேரில் பெயிண்ட் அடித்தவன். எங்கே எந்த நிறம் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வான். ஐம்பது அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் பிடித்துச் செய்து கொடுக்கிறான்.

“அதுக்கு ஏன் சன்னல மூடணும்?”

“வெளையாட்டுச் சாமான் செய்றவனெண்டு தெரிஞ்சா யாரு மாமி பலகை எழுதக் குடுப்பா? பொண்ணு குடுப்பாங்களா?”

அங்கேதான் உம்மு குல்சும் தடுமாறினாள். தொடுப்பு என்றால் அதற்கு வழி உண்டு. நாலு பேர் கூடிப் பேசலாம், பள்ளிவாசல் பெரியவர்களிடம் போகலாம். முப்பது வயது ஆண்பிள்ளை பொம்மைக் கப்பல் கட்டினால் யாரிடம் போய் முறையிடுவது? காளியாயியே தேவலை போலிருந்தது. வேண்டாம், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதற்குள் அவன், விளையாட்டுச் சாமான் இல்லை என்று நிரூபிக்கிற அவசரத்தில், பூதக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டான். “கொடிமரத்தப் பாருங்க, மாமி. கயிறெல்லாம் உள்ளபடியே ஈக்கும்.”

பார்த்தாள். கொடிமரத்திலிருந்து முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய கயிறுகள், சிலந்தி இழை மாதிரி. “இது சவுரி முடியா?”

“சவுரி சரிவரல்ல, மாமி. ஒவ்வொரு மயிரும் தடிப்பு. அந்தக் கணக்குக்குத் தேர் வடம் மாதிரி ஆகிட்டு. நிறமும் கறுப்பு. கப்பல் கயிறு தார் பூசின பழுப்பு நிறம். அதனால...”

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். காது சிவந்தது.

உம்மு குல்சும் கண்ணாடியை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். மெல்லிசு முடி. ஒரு நுனி கறுப்பு; போகப் போகச் செம்புக் கம்பி. இருபத்துமூன்று வருஷம் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, கறுக்காதா கறுக்காதா என்று வைத்தியம் பார்த்த முடி. அட்டன் பஜாரில் இப்படி இன்னொரு தலை கிடையாது. மதில், பேரிக்காய் மரம், பிஸ்கட் டின், நோன்பில் திருந்திய மகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவரிடமே கேட்டால் என்ன என்று சொன்னவள், மதிலோரம் நின்று கேட்டே விட்டிருக்கிறாள். ஒற்றன் வைத்த தாய்க்குக் கடைசியில்தான் தெரிந்திருக்கிறது.

“எனக்கும் அந்தக் கண்ணாடியக் குடுங்கம்மா, பாப்போம்” என்று வீரம்மா பக்கத்தில் வந்தாள்.

வீரம்மாவுக்கு ரபீக்காவின் முடி நன்றாகத் தெரியும். அவள் கண்ணில் பட்டால் மாலைக்குள் டிக்கோயா, நாளைக்குள் நானுஓயா. மூன்றாவது சம்பந்தம் என்ன, முப்பதாவதும் வராது. உம்மு குல்சும் கண்ணாடியைச் சேலைக்குள் செருகி, கப்பல்களின்மேல் துணியை இழுத்துப் போர்த்தினாள்.

“இது பெரிய கண்ணாடி. பழக்கமில்லாதவங்க பாத்தா கண்ணு போயிரும். நடடி.”

“ஒங்களுக்குப் போகலீங்களே?”

“எனக்குப் போய்ட்டு. அதனாலதான் சொல்றேன்.”

வீரம்மாவை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுத் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். “பெருநாளைக்கு அடுத்த நாள் எங்க வூட்டு மனிசர் வருவாரு. ஊர் சுத்தப் போயிராத.”

“மாமி... கண்ணாடி” என்றான் மஃறூப்.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள்.

அன்று மாலை நோன்பு திறந்த பிறகு ஹமீத், “என்ன, துப்புத் துலங்கிச்சா?” என்று கேட்டார்.

“நல்ல மனிசன். வாக்குக் குடுங்க. பெருநாளுக்கு அடுத்த நாளே குடுங்க.”

“அப்ப அந்தச் சவுரி?”

“பிரஸ்ஸுக்குத்தான். நீங்கதானே சொன்னீங்க.”

தான் சொன்னதை மனைவி ஒப்புக்கொண்ட அதிர்ச்சியில் ஹமீதுக்குப் பேரீச்சம்பழக் கொட்டை தொண்டையில் சிக்கப் பார்த்தது. “விரல்ல என்ன?”

“அடுப்புச் சாம்பல்.”

பிறகு ரபீக்காவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்துத் தலை வாரினாள். வழக்கத்தைவிட அழுத்தி வாரினாள். ரபீக்கா இரண்டு தரம் ‘ஆ’ என்றாள். தாய் காதில் வாங்கவில்லை. வாரி முடிந்ததும் சீப்பிலிருந்த முடியைச் சிக்கில்லாமல், நீளமாக, ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் வைத்தாள்.

“தாங்க உம்மா, நான் பொதச்சிட்டு வாறேன்.”

“நீ பொதச்ச சீரு எனக்குத் தெரியும். கலியாணம் முடியுமட்டும் மரத்தடிப் பக்கம் ஒன் காலு போகப்படாது. நானே பொதைக்கிறேன்.”

ரபீக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. லாம்பை எடுத்துக்கொண்டு தாய் பின்வாசலால் இறங்கிப் போவதையும், பேரிக்காய் மரத்தடியில் லாம்பு வெளிச்சம் மதிலை ஒட்டி நிற்பதையும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து உம்மு குல்சும் வெறும் டின்னோடு திரும்பி வந்தாள். டின்னை வாங்குகிற சாக்கில் ரபீக்கா அந்தக் கையைப் பார்த்தாள். விரலில் ஒரு துளி மண் இல்லை. பெருவிரலில் அந்தச் சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது.

“என்னடி பாக்குற?” என்றாள் உம்மு குல்சும். “போய்ப் படு.”