பட்டியலில் இருந்த இரண்டாவது பெயர்

திலகாவுக்கு எதையும் ஒரு முறை எழுதினால் மனம் ஆறாது. முதலில் பென்சிலால் எழுதுவாள், சரிபார்ப்பாள், அப்புறம் அதன் மேலேயே பேனாவால் எழுதுவாள். அப்படியும் தப்பு இருக்குமோ என்ற சந்தேகம் போகாது.

பகலில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மாலை ஆறு மணிக்கு அதே கட்டடத்து மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. 2009 ஜூன் மாதம் நெட்வொர்க்கிங் பாடம் ஆரம்பித்ததும் சார் ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது ஓர் இணைய இணைப்பை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கண்காணிக்க வேண்டும். யார் இணைகிறார்கள், எத்தனை மணிக்கு, என்ன வேகம், எவ்வளவு டேட்டா என்று தினமும் நோட்டுப் போட வேண்டும்.

வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வீட்டில் வைஃபை இருந்தது திலகாவுக்கு மட்டும்தான். குவைத்தில் வேலை பார்த்த அண்ணன் பெஞ்சமின் போன வருடம் வந்தபோது லாப்டாப்பும் கொடுத்து, இணைப்பும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேசத்தான். அம்மா மங்கம்மா அந்த மோடத்தைத் துடைத்துத் துடைத்து, அதன் மேல் பூப்போட்ட குரோஷா துணி ஒன்றைப் போர்த்தி வைப்பாள். சூடாகிவிடும் என்று திலகா எடுத்துப் போடுவாள். மறுநாள் பார்த்தால் துணி மறுபடி ஏறியிருக்கும்.

மாதத்துக்கு ஒரு ஜிபிதான் கணக்கு. மே மாதம் இருபத்திரண்டாம் தேதியே அது தீர்ந்துபோய், கடைசி இரண்டு ஞாயிறும் பெஞ்சமின் பேசவில்லை. மங்கம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எங்கே போகிறது அவ்வளவு டேட்டாவும் என்று கண்டுபிடித்தே தீருவது என்றுதான் திலகா அந்த நோட்டை ஆரம்பித்தாள்.

வகுப்பு முடிந்து வந்து லாப்டாப்பில் மோடத்தின் பக்கத்தைத் திறந்தால், அன்றைக்கு யார் எப்போது இணைந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது வீட்டு லாப்டாப். இரண்டாவது ‘யூசர்-பிசி’. அப்படி ஒன்று வீட்டில் கிடையாது. தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று மோடத்தை அணைத்துப் போட்டாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஞாயிறு தவிர எல்லா நாளும் பிற்பகல் மூன்று பத்துக்கு வந்து, நான்குக்குள் போய்விடுகிறது அது.

சாப்பிடும்போது சொன்னாள். “யாரோ நம்ம நெட்ட திருடிக்கினு கீறாங்கமா.”

மங்கம்மா கரண்டியை வைத்துவிட்டாள். “எவன்டி அது? செவுத்துக்கு அந்தாண்ட கீறாங்களே, அவங்களா?”

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா சாமுவேலின் வீடு. அண்ணன் தம்பி இருவரும் ஒரே சுவரை வைத்துக் கட்டிக்கொண்ட வீடுகள். ஆறு வருடத்துக்கு முன் தாத்தா இறந்தபோது பேச்சு நின்றது. அப்பா அருள்தாஸ் பழைய கோயிலை விடாதவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமுவேல் புதிதாக வந்த ஜெபசபையில் சேர்ந்து, மைக் பிடித்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பெட்டியை யார் ஜெபம் பண்ணி எடுப்பது என்பதில் சண்டை வந்து, நட்டநடு ரோட்டில் தாத்தாவை ஒரு மணி நேரம் இறக்கி வைத்தார்கள். “இந்த வாயால இனி உன்கூட ஒரு வார்த்த பேச மாட்டேன்” என்று தம்பி சொல்ல, “நானும்தான்டா” என்று அண்ணன் சொல்ல, காலனியே பார்த்துக்கொண்டு நின்றது. சென்ற வருடம் சாமுவேலுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மெட்ராஸில் அறுவை செய்து குரலையே எடுத்துவிட்டார்கள். அப்போதும் அப்பா போய்ப் பார்க்கவில்லை. மங்கம்மா போகவும் விடவில்லை.

“அவன்கிட்ட ஏதுடி கம்ப்யூட்டரு?” என்றார் அருள்தாஸ், தட்டைப் பார்த்தபடி. “டிவி கூட பாவம்னு வைக்காத ஆளு. ரோட்டோரம் நிக்கிற பசங்க எவனாவது இருப்பான். வுடு.”

“வுட்டா புள்ள முகத்த எப்பிடி பாக்குறது?” என்றாள் மங்கம்மா. “இந்த ஆளு ஒருத்தரு! தனக்கு பேஜார் இல்லன்னா சரி.”

அருள்தாஸ் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதற்கென்று ஓர் எண் உண்டு. அந்த எண்ணை மோடத்தில் எழுதி வைத்தால், கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் மோடம் உள்ளே விடாது. ஜூன் மூன்றாம் வாரம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும் முன் திலகா யூசர்-பிசியின் எண்ணை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்து எழுதித் தடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சரியாகச் செய்தோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பத்து நாள் போகட்டும், டேட்டா குறைந்திருந்தால் நோட்டைக் காட்டிச் சொல்லிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அசிங்கம் என்று நினைத்தாள்.

யூசர்-பிசி அன்றைக்கு மூன்று பத்துக்கு வந்து முட்டியது. மோடம் மறுத்தது. மூன்று பதினொன்று, மூன்று பன்னிரண்டு, மூன்று பதினைந்து என்று நான்கு மணி வரை முப்பத்தோரு முறை முட்டியிருந்தது. மறுநாள் பதினான்கு. அதற்கு மறுநாள் மூன்று. வியாழக்கிழமை ஒன்றுமில்லை. திலகா அதை அடிக்கோடு போட்டு எழுதினாள். நாம் படித்த பாடம் வேலை செய்கிறது என்று நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம்.

அந்த வாரத்திலிருந்துதான் அருள்தாஸ் ஒரு மாதிரி ஆனார். அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுவார். “நெட்டு சரியா கீதாம்மா?” என்று இரண்டு முறை கேட்டார். “நல்லா கீது நைனா” என்றாள் அவள். “வாத்தியாருக்கு இன்னாத்துக்கு மூஞ்சி இப்பிடி?” என்று மங்கம்மா சிரித்தாள். “பரீச்சையில கோட்டு அடிச்ச புள்ள கணக்கா!” அவர் சிரிக்கவில்லை.

பத்து நாள் முடிந்தது. டேட்டா குறையவே இல்லை. முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவு. திலகா கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, வெட்கத்தோடு சாரிடம் நோட்டைக் காட்டினாள்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். “ஏம்மா, வெளியாள புடிச்ச, சரி. உன் வூட்டு லாப்டாப்ப வெசாரிச்சியா? தெறந்த ஒடனே வைரஸ் அப்டேட்டு, விண்டோஸ் அப்டேட்டுனு அது பாட்டுக்கு எறக்கிக்கினு இருக்கும். தெனம் மூணு அஞ்சுக்கு யாரு தெறக்குறாங்க அத?”

“எங்க நைனா. பேப்பர் படிப்பாருன்னு நெனக்கிறேன் சார்.”

“அப்ப போயி அந்த அப்டேட்ட நிறுத்து. அந்த வெளியாளு பாவம், ஒன்னுமே எடுக்கல போல.”

அன்றிரவே நிறுத்தினாள். தடுப்பை மட்டும் எடுக்கவில்லை. டேட்டா எடுக்காவிட்டாலும் வெளியாள் வெளியாள்தானே என்று தோன்றியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் கடைக்கு அஜய் வந்தான், சாமுவேலின் மகன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. காலனியில் எதிரெதிரே வந்தால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். கடையில் வேறு யாரும் இல்லாததால் பேசினான்.

“மூணு செட்டு போடுக்கா.”

ஆஸ்பத்திரிக் காகிதங்கள். கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வைக்கும்போது, கடைசித் தாளின் கடைசி வரியைத் திலகா படித்துவிட்டாள். இனி மருத்துவம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

“சித்தப்பாவுக்கு எப்பிடி கீது?”

“முந்தாநேத்து வூட்டுக்கு இட்டாந்துட்டோம். நேத்துலேந்து கண்ணே தொறக்கல.” அஜய் கவுன்டர் விளிம்பை நகத்தால் சுரண்டினான். “அக்கா, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டியே? பெரியப்பா எதுக்கு நெட்ட மூடிட்டாரு?”

“இன்னா நெட்டு?”

“உனக்குத் தெரியாதா?” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “ஏப்ரல் மாசம் டீக்கடையில என்னைக் கூப்ட்டு, பாஸ்வேர்ட ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. ஒரு பழைய லாப்டாப்பு வாங்கி வச்சேன். தெனம் மூணு மணிக்கு ரெண்டு பேரும் செவுத்துக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் ஒக்காந்துக்கினு அடிச்சிக்குவாங்க. சின்ன வயசுல டைப்ரைட்டிங் ஒன்னா பாஸ் பண்ணவங்களாமே. பேச மாட்டேன்னுதான்டா சொன்னோம், டைப் அடிக்க மாட்டேன்னா சொன்னோம்னு பெரியப்பாதான் மொதல்ல போட்டாராம். அத எங்கிட்ட காட்டிக் காட்டிச் சிரிச்சாரு எங்கப்பா. சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும்.”

“இன்னா பேசுவாங்க?”

“இன்னா பெருசா. மயை வருமா, ஏரியில தண்ணி கீதா, யாரு செத்தாங்க. பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா கத்தும்னு, அது வேலையில கீற நேரமா பாத்து.” அவன் குரலைத் தாழ்த்தினான். “ஒரு திங்கக்கெழம நெட்டு வரல. லாப்டாப்புதான் ரிப்பேருன்னு கடையில குடுத்தேன். நல்லாதான் கீதுன்னுட்டான். பெரியப்பாவ கேட்டுட்டு வரேம்பான்னேன். அப்பா சிலேட்டுல எழுதிக் காட்டினாரு. ‘அண்ணன் மூடிட்டான். கேக்காத.’ அதோட செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான்.”

திலகா மூன்று செட்டையும் தட்டி நேராக்கிக் கொடுத்தாள். நான்தான் என்ற சொல் வரவில்லை. அஜய் போய்விட்டான். அவள் பின்னால் போய் நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். மூன்று ஐந்து, நம் லாப்டாப். மூன்று பத்து, யூசர்-பிசி. அவளுடைய கையெழுத்திலேயே, பென்சிலுக்கு மேல் பேனாவாக, இரண்டு வாரத்துக்கும் மேலாக அடுத்தடுத்த வரிகளில் இருந்தது அது. எப்படிப் பார்க்காமல் போனோம்!

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டில் அருள்தாஸ் லாப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மூடப் போனார்.

“மூடாத நைனா.” அவள் நின்றபடியே, அஜய் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். எந்தத் தேதி, எந்த நேரம், எப்படித் தடுத்தாள் என்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “ரோட்டுப் பசங்கன்னு நீதானே சொன்ன நைனா” என்று நடுவில் ஒரு முறை வாய் தவறி வந்துவிட்டது. அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

“உங்கம்மா எதிர்ல சொல்ல முடியலம்மா” என்ற அருள்தாஸ் லாப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். தேதி ஜூன் இருபத்திரண்டு. *அன்னிக்கு பெட்டிய ரோட்டுல எறக்கச் சொன்னது நான்தான். தப்பு என்மேல சாமு. மன்னிச்சிடு.* அதற்குக் கீழே நாளுக்கு ஒரு வரி. *சாமு. கீறியா? கோவமா?*

“வந்தா பாப்பான்னு போட்டேன். வரல. மன்னிக்க மாட்டான்னு நெனச்சிக்கினேன். அவன் நான் மூடிட்டேன்னு நெனச்சிக்கினானா?” அவர் எழுந்து சட்டையை மாட்டினார். ஒரு பொத்தான் மாறிப்போனது. “இப்ப கண்ணு தொறக்கலன்னா எத்த படிப்பான்?”

திலகா மோடத்தின் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணை அழித்தாள். அழிந்ததா என்று பார்க்கக்கூட நிற்காமல் அப்பாவின் பின்னால் ஓடினாள்.

பக்கத்து வாசலில் சித்தி சிட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “ஆறு வருசம் கயிச்சி வயி தெரிஞ்சிதா மாமா? வா வா. பாத்துட்டுப் போ. இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் கீது.”

அருள்தாஸ் உள்ளே போனார். கட்டில் பொதுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. சாமுவேல் பாதி ஆளாகியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. தொண்டைத் துளையின் மேல் போட்டிருந்த ஈரத்துணி மெதுவாக ஏறி இறங்கியது. அருள்தாஸ் குனிந்து, “சாமு” என்றார். இருமிக்கொண்டு மறுபடி, “டேய், சாமு. நான்தான்டா. நான் மூடலடா” என்றார். திரையில் எழுதியிருந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பெட்டி, ரோடு, தப்பு. வரிசை மாறி மாறி வந்தது. நாற்பது வருடம் வகுப்பறையில் பேசிய மனிதருக்குப் பேச வரவில்லை.

“இன்னாத்த மூடல? இன்னாடா சொல்றாரு பெரியப்பா?” என்று சிட்டம்மாள் மகனைக் கேட்டாள். அஜய் சுருக்கமாகச் சொன்னான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பைபிளு பாக்குறாருன்னு சொன்னியேடா!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். வாசலில் சத்தம் கேட்டுப் பெண்கள் கூடினார்கள். வேலையிலிருந்து திரும்பிய மங்கம்மா அவர்களுக்குப் பின்னால், படியில் கால் வைக்காமல் நின்றாள்.

திலகா கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள். சித்தப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“சித்தப்பா, நான் திலகா. நெட்ட நிறுத்தினது நான். திருடன்னு நெனச்சிட்டேன். நைனாவுக்குத் தெரியாது. நைனா நிறுத்தல.”

துணி ஏறி இறங்கியது. அதே வேகம்தான். கேட்டிருக்குமா என்று அஜயைப் பார்த்தாள். அவன் தலையை அசைத்தான். ஆம் என்றா, தெரியாது என்றா, புரியவில்லை. அவள் இன்னும் சத்தமாக, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது சிட்டம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வுடும்மா. போதும். வுடு.”

“கேட்டிருக்கும்மா” என்றார் அருள்தாஸ். “கேட்டிருக்கும்.” அவர் தம்பியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். அவரும் தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குச் சாமுவேல் இறந்தார். அதுவரைக்கும் ஒரு முறைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.