தக்கைக்கு முன்னால் ஈயம்

பிப்ரவரி 9, 2024, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். தூண்டிலில் சிக்கு விழுவதைச் சரிசெய்கிறேன் என்று முள்ளை மாற்றினேன், தூண்டில் நரம்பை மாற்றினேன், நின்று வீசுகிற கரையையும் மாற்றினேன். ஒரு வீச்சு சிக்கில்லாமல் விழுந்தது. மூன்றில் எதனால் என்று தெரியவில்லை. அடுத்த வீச்சிலேயே பழையபடி சிக்கு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

அனுப்பிரியா பேனாவை மூடினாள். மாலை எழுத்து வகுப்பில் தினமும் அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டு விசேஷம், அக்கம்பக்கத்துச் சண்டை என்று எழுத, அவள் இந்த வாரம் முழுக்கச் சிக்கைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தாள்.

வட்டவடையில் ரோசி நடத்தும் விடுதிக்குப் பின்னால் ஒரு படுதாக்குளம் உண்டு. மண்ணைத் தோண்டி நீலப் படுதா விரித்து, தண்ணீர் நிரப்பிக் கெண்டை விட்டிருந்தார்கள். விருந்தாளிகளை அங்கே மீன் பிடிக்க விடலாம் என்று யோசனை சொன்னது அனுப்பிரியாதான். அதுவரை விடியும் முன்பே ஓடைக்குப் போய்க் கூலிக்குக் கேரட் கழுவிக்கொண்டிருந்தவள். மார்கழி, தை மாதத்தில் அந்தத் தண்ணீரில் கைவைத்தால் மத்தியானம் வரை விரல் மடங்காது. ரோசி ஒரு மாதம் பார்க்கலாம் என்று குளத்தை அவளிடம் விட்டாள். அந்த மாதம் முடியப் போகிறது.

முள் தரையில் இழுபட்டால் படுதா கிழியும். ஆகவே மிதந்து முள்ளைத் தூக்கிப் பிடிக்கத் தக்கை வேண்டும். நடுக்குளமோ ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அவ்வளவு நரம்பைத் தொங்கவிட்டு யாராலும் வீச முடியாது. அதனால் நரம்பில் ஏறி இறங்குகிற தக்கையை வாங்கிவந்தாள். மேலே ஒரு நூல் முடிச்சு, அதன் கீழே ஒரு பாசிமணி, அப்புறம் தக்கை, ஈயம், கடைசியில் முள். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கொண்டு இறங்கும். நூல் முடிச்சு பாசிமணியில் முட்டியதும் நிற்கும். முள் படுதாவைத் தொடாது. எல்லாம் சரிதான், வீசும்போதுதான் வினை. முள் ஆகாயத்திலேயே திரும்பி வந்து தக்கையைச் சுற்றிக்கொள்ளும்.

அன்று காலையில் ரோசி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு எர்ணாகுளத்துக்காரங்க வர்றாங்க. போன வாரம் வந்தவரு மீனா பிடிச்சாரு? உக்காந்து முடிச்சவுத்துட்டுப் போனாரு. நாளைக்கும் இதே கதைன்னா தூண்டில் கம்பையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுருவேன். வருத்தப்படாத."

"சரிக்கா."

விருந்தாளிகளை மூணாறிலிருந்து ஏற்றி வரும் ஜீப் ஓட்டுநர் அழகுமலை வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன புள்ள, மீனுக்குச் சடை பின்னி விடுறியா? அப்படியே ரெண்டு பூவும் வச்சு விடு."

"நேத்து பள்ளத்துல எறக்குன ஜீப்ப யாருண்ணே தள்ளுனது? அந்தக் கதையும் சொல்லுங்க."

வாய் பேசினாலும் மனசில் நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கேரட் கழுவ வருவதாக ஓடையில் ஆள் வைக்கிறவரிடம் அவள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது பூண்டு தொங்கவிடும் வேலை காத்திருந்தது. தாளோடு இரண்டு கட்டாகக் கட்டி, இடையில் கயிறு விட்டு, அடுப்புக்கு மேலே உயரத்தில் இருக்கும் மூங்கிலின் குறுக்கே வீச வேண்டும். எப்போதும் ஒரு கட்டைப் பெரிதாகக் கட்டுவாள். பெரியது முன்னால் பறந்து மூங்கிலைத் தாண்டும், சின்னது இந்தப் பக்கம் தங்கும். இன்று நினைப்பெல்லாம் குளத்தில் கிடந்ததால் இரண்டையும் ஒரே அளவாகக் கட்டிவிட்டாள். வீசினாள். இரண்டு கட்டும் ஒன்றையொன்று துரத்திச் சுழன்று, கயிறு முறுக்கேறி, காலடியில் வந்து விழுந்தன.

அவள் குனிந்து எடுக்கவில்லை.

"என்னடி, பேயறைஞ்சவ மாதிரி நிக்கிற?" என்றாள் அம்மா சுருளியம்மாள்.

"ரெண்டும் ஒரே கனம்மா."

"கனத்தப் பாத்துக்கிட்டே நின்னா பூண்டு தானா ஏறிருமா? எடுத்து வீசு."

தூண்டிலிலும் அதேதான். தக்கை கனமான மரத்தக்கை. ஈயமோ பொடிப்பொடியாக நரம்பு நெடுகச் சிதறிக் கிடந்தது. வீசினால் யார் முன்னால் போவது என்று இரண்டுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் குளத்துக்குப் போனாள். முதலில் கனத்தை மட்டும் மாற்றினாள். லேசான தக்கை, பொடி ஈயங்களுக்குப் பதில் சேர்ந்தாற்போல் ஒரே குண்டு. வீசினாள். சுழலாமல் நேராகப் போனது. ஆனால் சில வீச்சில் முள் இன்னும் தக்கையைப் பிடித்தது. பிறகு ஈயத்துக்கு ஒரு சாண் மேலே இன்னொரு நூல் முடிச்சுப் போட்டாள். தக்கை அதற்குக் கீழே இறங்க முடியாது. ஈயத்துக்குக் கீழே முள் தொங்கும் நரம்பு அந்தச் சாணைவிடக் குட்டை. இனி முள் திரும்பினாலும் தக்கையை எட்டாது.

எட்டவில்லை. ஆனாலும் விழுகிற இடத்தில் எல்லாம் ஒரே குவியலாக விழுந்து, நரம்பு சுருண்டது. இதற்கு என்ன செய்வதென்று யோசித்தபடியே வீசியதில் கை மீறிவிட்டது. தூண்டில் அக்கரை முட்டைக்கோஸ் பாத்தியை நோக்கிப் பறந்தது. பதறிப்போய் ரீலில் ஓடும் நரம்பை விரலால் அமுக்கினாள். நரம்பு விறைத்தது. ஈயம் முன்னே எட்டி முதலில் விழுந்தது. தக்கை ஒரு சாண் பின்னால் வந்து, ஆடி, நிமிர்ந்து நின்றது.

தற்செயல் என்றுதான் நினைத்தாள். மறுபடி வீசி, விழப் போகும் நேரத்தில் விரல் வைத்தாள். அதேதான். கை கடுக்கும் வரை வீசினாள். ஒரு சிக்கு இல்லை. இரண்டைத் தவிர மற்றக் கம்புகளையும் அதேபோல் மாற்றினாள். அப்போதும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் கையில் சரி, வருகிறவர்கள் கையில்?

வந்தவர்களில் டின்டு என்பவர் நல்ல ஆகிருதி. கம்பைத் தலைக்கு மேலே தூக்கி, கோடாரியால் வெட்டுவது போல ஓங்கி அடித்தார். அனுப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தூண்டில் கரைப் பக்கமே விழுந்திருந்தது, தக்கையோ நிமிர்ந்து நின்றது. அந்த அடிக்கே சிக்கவில்லை.

அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "ஊஞ்சல் தள்ளுகிற மாதிரி பக்கவாட்டில் விடுங்கள். விழுமுன் விரல்," என்று மலையாளத்தில் சொன்னாள். அடுத்த வீச்சு நடுக்குளத்துக்குப் போனது. அவருடைய அம்மா, சேலையைச் செருகிக்கொண்டு, மகனைவிட அழகாக வீசினார். முதல் கெண்டையும் அவருக்குத்தான் விழுந்தது. கரையில் கைதட்டல் எழுந்தது. வெயில் ஏறும்வரை அவர்கள் கம்பைக் கீழே வைக்கவில்லை.

அழகுமலை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அந்த விரல எப்பப் புள்ள வைக்கணும்?"

"ஈயம் எறங்கத் தொடங்குறப்ப. பிரேக்க மிதிக்கிற மாதிரி மிதிக்காதீங்க, லேசாத் தொட்டாப் போதும்."

அவள் சொன்னபடியே அவன் செய்தான். தக்கை நிமிர்ந்து நின்றதும் சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டான்.

விருந்தாளிகள் சாப்பிடப் போனபின் ரோசி கம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, நரம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அனுப்பிரியாவைப் பார்த்தாள்.

"திங்கக்கிழம கேரட்டுக்கு வர்றேன்னு சொல்லி வச்சிருக்கியாமே?"

"சும்மா ஒரு... ஆமாக்கா."

"போன் போட்டு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. குளம் இனி ஒன் பாடு."

அனுப்பிரியா அங்கேயே நின்று போன் போட்டாள்.

சாயங்காலம் அவள் எழுதினாள்: பிப்ரவரி 10, சனி. ஈயம் முன்னால் போனது. இன்று ஒரு தூண்டிலும் சிக்கவில்லை. ஒரு நாளை வைத்து எல்லா நாளும் இப்படியே என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இதைச் செய்தது நான்தான். நாளை: மாற்றாமல் விட்ட இரண்டு கம்புக்கும் ஒரே குண்டு ஈயம் கோத்து, ஒரு சாண் மேலே கீழ்முடிச்சு போட வேண்டும்.