படத்தில் இல்லாதவள்

வாயைப் பிடுங்குவதில் அவளை மிஞ்ச அந்தச் சந்தை ஆராய்ச்சிக் கம்பெனியில் ஆள் கிடையாது. சோப்போ காப்பீடோ கொசு மருந்தோ, எதுவாக இருந்தாலும் சரி, முன்பின் தெரியாத பெண்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, அவர்கள் புருஷனிடம்கூடச் சொல்லாததைச் சொல்ல வைத்துவிடுவாள். நேராகக் கேட்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்பது அந்தத் தொழிலில் அவள் கற்ற முதல் பாடம். அதனால் அவள் நேராகக் கேட்பதில்லை. ஒரு படத்தைக் காட்டுவாள். "இந்தப் படத்துல இருக்கறவ என்ன நினைக்கறா?" என்பாள். அவ்வளவுதான். படத்தில் இருப்பவள் பொறாமைப்படலாம், பொய் சொல்லலாம், மாமியாரைச் சபிக்கலாம். சொல்கிறவளுக்கு அதில் பங்கே இல்லை. எல்லாவற்றையும் படத்துக்காரி தலையில் கட்டிவிட்டு, பாரம் இறங்கினவளாக டீயை எடுத்துக் குடிப்பாள்.

அலுவலகத்தில் அவள் 'மேடம்'. வீட்டில் 'சின்னவள்'. அம்மாவுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கல்யாணம் வேண்டாமென்று அம்மாவோடு தங்கிவிட்டவள். பக்கவாதம் வந்து அம்மா வாயும் வலக்கையும் விழுந்து படுக்கையானபோது, நூலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டாள். சின்னவள் புருஷனோடு நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழமும் கையுமாக வருவாள். அம்மாவின் தலையைத் தடவிக்கொடுப்பாள். "அக்கா இருக்கறதால எனக்குக் கவலையே இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பெருமையாகத்தான் சொல்வாள்.

அந்த முறை வந்த வேலை, படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கான டயபர். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது, வாங்க வசதியும் இருக்கிறது, ஆனாலும் பெண்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "பெத்தவங்களுக்குச் செய்யறதுல என்ன சார் கஷ்டம்?" என்கிறார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தான் அவளைத் தேடி வந்தார்கள். அவள் ஓவியரிடம் சொல்லி ஒரு படம் வரைய வைத்தாள். கட்டிலில் ஒரு கிழவி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அறை வாசலில் கையில் பையோடு ஒரு பெண் நிற்கிறாள். உள்ளே வருகிறாளா வெளியே போகிறாளா என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி வரையச் சொல்லியிருந்தாள்.

கூட்டத்தன்று ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் டயபர் கம்பெனியின் மேலாளர் தன் ஆட்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, ஒரு தையல்காரி, இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி. கடைசியாக, கதவைத் தயங்கித் திறந்துகொண்டு பெரியவள் வந்தாள்.

சின்னவள் கையிலிருந்த விவரத் தாளைப் புரட்டினாள். ஆள் பிடித்து அனுப்பும் பெண் மருந்துக்கடை வாசலில் அக்காவைப் பிடித்திருக்கிறாள். வீட்டில் யாராவது ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை செய்கிறார்களா என்று வழக்கப்படி கேட்டதற்கு, "எங்க வீட்டுல அம்மாவும் நானும்தான்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பொய் என்று யார் சொல்ல முடியும்?

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். 'இவங்க எனக்குச் சொந்தம், இவங்க கலந்துக்க முடியாது' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் மேலாளர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். இன்னொரு ஆளைத் தேடிப்பிடிக்க நேரமில்லை. அக்காவும் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "வணக்கம் மேடம்" என்றாள்.

சின்னவளும் பதிலுக்கு வணக்கம் சொன்னாள். கூட்டத்தையும் தொடங்கிவிட்டாள். பழகின வாய், தானாகப் பேசியது.

முதலில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். கடமை என்றார்கள், கொடுத்து வைத்திருக்கணும் என்றார்கள். பிறகு படம் வந்தது. தையல்காரி, "வேலைக்குப் போறா. போறதுக்குள்ள கிழவி கூப்பிட்டுடுவாளோன்னு பயப்படறா" என்று சொல்லிச் சிரித்தாள். காசாளரம்மா, "வாசல்லயே நின்னு மூச்சை இழுத்துக்கறா. உள்ள வாடை" என்றார். சொல்லிவிட்டு, "எங்க வீட்டுல அப்படியில்ல" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அக்காவின் முறை வந்தது.

"இவ சின்ன பொண்ணு மேடம்" என்றாள் பெரியவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பார்த்துட்டுக் கிளம்பறா. இவ வரான்னா முன்னாடியே அம்மாவைக் கழுவி, துணி மாத்தி, பவுடர் போட்டு வெச்சிருப்பாங்க. அந்த அம்மாவைத்தான் இவளுக்குத் தெரியும்."

"யார் கழுவி வெச்சது?" என்று தையல்காரி கேட்டாள்.

"பெரியவ. அவ படத்துல இல்ல. பாத்ரூம்ல துணி அலசிட்டிருக்கா."

சின்னவளின் செல்போன் மடியில் அதிர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்த செய்தி: 'அருமை. விடாதீங்க, இன்னும் தோண்டுங்க.'

தோண்டினாள். "அந்தப் பெரியவ மனசுல என்ன ஓடுது?"

"அம்மா சீக்கிரம் போயிடணும்னு ஓடுது. எல்லா வீட்டுலயும் ஓடறதுதான், அதுல ஒண்ணும் இல்ல." அக்கா டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "போனப்புறம் நடக்கப்போறதை நினைச்சாத்தான் அவளுக்கு வயிறு எரியுது. சின்னவ வந்து விழுந்து புரண்டு அழுவா. எல்லாரும் அவளைத்தான் தேத்துவாங்க. பெரியவளுக்கு அழுகை வராது. கல்நெஞ்சக்காரின்னு பேர் வாங்குவா."

இரட்டைப் பிள்ளைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஆளிடம் போயிருக்க வேண்டும். சின்னவள் போகவில்லை. கம்பெனிக்காகக் கேட்டாளா, தனக்காகக் கேட்டாளா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கே விளங்கவில்லை.

"சின்னவளுக்கு இதெல்லாம் தெரியாதா?"

"தெரியாம என்ன மேடம். அவளுக்குக் கேக்கத் தெரியாதுன்னா நினைக்கறீங்க? கேட்டா பதில் வந்துடும். பதில் வந்தா ஏதாவது செய்யணும். அதான் அவ கேக்கறதில்ல."

கூட்டம் முடிந்து, ஆளுக்கொரு பையில் டயபர் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். லிஃப்ட் வாசலில் சின்னவள் அக்காவை எட்டிப் பிடித்தாள்.

"அக்கா, நான் இருக்கேன்னு தெரிஞ்சா வந்தே?"

"தெரிஞ்சிருந்தா எதுக்கு வரேன்? வெளிய வந்து நாலு பேரோட உக்காந்து டீ குடிக்கலாம்னு வந்தேன்."

"பார்த்ததும் எழுந்து போயிருக்கலாமே."

"நீ போகச் சொல்லுவேன்னு பார்த்தேன். நீ படத்தைத் தூக்கினே." லிஃப்ட் வந்தது. "படத்தைப் பத்திக் கேட்டே, படத்தைப் பத்திச் சொன்னேன். விடுடி, பக்கத்து வீட்டம்மாவை அம்மாகிட்ட உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன். அவங்களுக்கு வேலை இருக்கும்."

உள்ளே திரும்பினால் ஒரே கொண்டாட்டம். மேலாளர் நாற்காலியில் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தார். "பாத்ரூம்ல இருக்கற பொண்ணு! இவ்வளவு நாளா நாம படத்துல இருக்கறவகிட்டயே வித்துட்டிருந்தோம். எங்கேருந்து பிடிச்சீங்க அந்த அம்மாவை?"

அப்போதும் சொல்லியிருக்கலாம். "எல்லாம் எங்க ஆளுங்க தேடிப் பிடிக்கறதுதான் சார்" என்றாள். மேலாளர் அவளுக்குக் கை கொடுத்தார். அவளும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

அந்த ஞாயிறு அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்குப் போனாள். பழம் வாங்கவில்லை. அம்மாவை இன்னும் கழுவியிருக்கவில்லை. வாசலிலேயே வாடை அடித்தது. அக்கா வாளியோடு நின்றாள்.

"இன்னிக்கு நான் பண்றேன், குடு" என்று வாளியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கட்டிலருகே போனாள். "அம்மா, நான்தான்மா" என்று போர்வையை விலக்கினாள்.

அம்மா கத்தினாள். பேச்சில்லாத வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைச் சின்னவள் அதுவரை கேட்டதில்லை. நல்லாயிருந்த இடக்கையால் போர்வையை இழுத்து இழுத்து மூடினாள். மூட முடியாமல் போனதும் சின்னவளின் கையைப் பிறாண்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அக்கா வந்து தோளைத் தொட்டபிறகுதான் அடங்கினாள்.

"வெளிய இரு" என்றாள் அக்கா.

"நானும் அவ பொண்ணுதான், அக்கா."

"யார் இல்லன்னா? விருந்தாளி மாதிரியே வந்துட்டிருந்தே. விருந்தாளி எதிர்ல துணி அவுக்க யாருக்கு மனசு வரும்? போ, கூடத்துல உக்காரு."

கூடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர்ச் சத்தமும், அக்கா ஏதோ கேலி பேசுவதும், அம்மா அதற்கு 'க்கும்' கொட்டுவதும் கேட்டன. அவர்களுக்குள் அப்படியொரு பேச்சு நடக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பவுடர் வாசனை வந்தது. அக்கா எட்டிப்பார்த்து, "இப்ப வா" என்றாள்.

சில மாதம் கழித்து விளம்பரம் வந்தது. பையோடு ஒரு தங்கை வாசலில் நிற்கிறாள். கேமரா அவளை விட்டுவிட்டு, குளியலறையில் துணி அலசும் அக்காவிடம் போகிறது. 'யாரும் பார்க்காத அந்த மகளுக்காக' என்று உருக்கமாக ஒரு குரல். அப்புறம் டயபர் பொட்டலம். அப்புறம் அக்காவும் தங்கையும் அம்மாவின் இரு பக்கமும் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஊரே பார்த்துக் கண் கலங்கியது. அலுவலகத்தில் சின்னவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள்.

அக்கா போன் செய்தாள்.

"டீவில வந்துச்சுடி."

"அக்கா, அது நான் எழுதல. அவங்களா..."

"கோவமில்ல. ஒண்ணு கேக்கணும். கடைசியில அந்தப் பெரியவ சிரிக்கறாளே, எதுக்குச் சிரிக்கறா? நான் அப்படி எங்க சொன்னேன்?"

எத்தனையோ பேரிடம், பதில் வரும்வரை விடாமல் மௌனமாகக் காத்திருக்கத் தெரிந்தவள் சின்னவள். அக்காவும் அன்றைக்கு அப்படித்தான் காத்திருந்தாள். பிறகு, "சரி, வர்ற ஞாயித்துக்கிழமை காலையிலேயே வந்துடு. நான் வெளிய போறேன்" என்றாள்.

"அம்மா என்னைத் தொட விட மாட்டாளே?"

"விட மாட்டாதான். அதை நீதான் பார்த்துக்கணும்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் இருப்பதில்லை. சின்னவள் உள்ளே நுழையும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். எங்கே போகிறாள் என்று சொல்வதில்லை. இருட்டிய பிறகு திரும்புவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

சின்னவள் வாளியை எடுத்துக்கொண்டு போவாள். அம்மா இப்போது கத்துவதில்லை. கத்தினாலும் பெரியவள் வரப்போவதில்லை என்று புரிந்துகொண்டுவிட்டாள். சின்னவள் பக்கத்தில் வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொள்வாள். கழுவி, துடைத்து, துணி மாற்றி, எல்லாம் முடிந்து அவள் அறையை விட்டு வெளியே போகும்வரை திறக்க மாட்டாள். அம்மா என்ன நினைக்கிறாள் என்று சின்னவள் யோசிப்பதில்லை. அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள்.