காற்றுப் படாத பாட்டில்

1

இது நகைச்சுவைக் கதையாகத்தான் ஆரம்பித்தது. ஏரியின் ஆழத்தில், காற்று எட்டாத இடத்தில், மேலிருந்து கசிந்துவரும் சொச்ச வெளிச்சத்தைத் தின்றே வாழும் இளஞ்சிவப்புப் பாக்டீரியாக்களைப் பற்றி எங்கோ படித்தேன். அந்தத் தண்ணீர் அழுகிய முட்டை போல நாறுமாம். இருட்டில் கிடக்கிறது, நாறுகிறது, அழகு என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறது. எழுத்தாளனை வைத்து ஒரு கேலிக்கதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தண்ணீர் எடுக்கப் படகு வேண்டியிருந்தது. படகுக்கு ஆள் வேண்டியிருந்தது. அங்கேதான் கெட்டது.

2

ஏரி அன்று கண்ணாடி போல

(வேண்டாம். கதைகளில் எல்லா ஏரியும் கண்ணாடிதான்.)

படகில் இரண்டு பேர். நீர் ஆய்வு செய்யும் அக்கா. கயிற்றில் பாட்டிலை இறக்கி ஏற்றும் தம்பி. மேலே வந்ததும் விளிம்புவரை தண்ணீர் இருக்கும்படி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் அந்த உயிர்கள் பிழைக்காது. தம்பி மூக்கைப் பொத்திக்கொள்வான். "உன் பிள்ளைங்களக் குளிப்பாட்டவே மாட்டியாக்கா?"

(தம்பியை ரொம்ப நல்லவனாக எழுதிவிட்டேன். சாகப்போகிறவனுக்கு நற்சான்றிதழ் கொடுப்பது எங்கள் தொழிலின் அயோக்கியத்தனம். ஆகவே: அக்காவின் சைக்கிளை உடைத்துவிட்டு, நான் உடைக்கவில்லை என்று இன்றுவரை சாதிப்பவன். "இன்றுவரை" என்பதை அடிக்க வேண்டும்.)

3

அவன் விழுந்ததைப் புயலோடு எழுதினேன். கயிறு காலில் சுற்றியதாக எழுதினேன். கிழித்தேன். எழுந்து நின்றான், படகு சாய்ந்தது. அவ்வளவுதான்.

தேடப்போனவர்களின் விளக்கு அந்த இளஞ்சிவப்பு அடுக்கைத் தாண்டிப் போகவில்லை. உடல் கிடைக்கவில்லை. அவன் கடைசியாக ஏற்றிய பாட்டில்தான் மிச்சம்.

"அவன் கை பட்ட தண்ணி. எங்கிட்டக் குடுத்துடு" என்றாள் அம்மா.

அக்கா கொடுத்தாள். வெளிச்சம்தான் இதற்குச் சாப்பாடு, ஜன்னலோரம் வை, வெயில் நேராகப் பட வேண்டாம் என்றெல்லாம் சொன்னாள். மூடியைப் பற்றிச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

4

தண்ணீரின் நிறம் அடர்ந்துகொண்டே வந்தது. அம்மா அதோடு பேச ஆரம்பித்தாள். வெளிச்சம் போதுமா என்று கேட்டுக் கேட்டு, பாட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி நகர்த்தி வைத்தாள். (இதை எழுதியதும் எழுந்துபோய் என் அறைத் திரையை விலக்கிவிட்டு வந்தேன். எதற்கென்று கேட்காதீர்கள்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அம்மா வீட்டுக்குப் போனபோது பாட்டில் திறந்திருந்தது. குனிந்து முகர்ந்தாள், நாற்றமே இல்லை. அதுதான் அவளுக்குப் பகீரென்றது. பாட்டில் திறந்திருந்தது. தண்ணீர், பாத்திரம் கழுவியது போல வெளுத்துக் கிடந்தது.

மூடியை ஏன் திறந்தாய் என்று கேட்டாள்.

"தண்ணிக்குள்ள அவனுக்கு எப்படி மூச்சு முட்டியிருக்கும்னு அதையேதான் நினைச்சிட்டிருந்தேன். இதுங்களாவது காத்து வாங்கட்டுமேன்னு திறந்து வச்சேன்." அம்மா பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "ஏண்டி, நிறம் மங்கிடுச்சே, ஏன்?"

5

அக்கா உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு பிள்ளை காற்றில்லாமல் போனான், இதுவோ காற்று பட்டு

(முடிக்க மாட்டேன்.)

அல்லது, ஆய்வுக்கூடத்தில் அதே ஏரியின் வேறு பாட்டில்கள் இருக்கின்றன. அதே நிறம், அதே நாற்றம். ஒன்றை எடுத்துவந்து மாற்றி வைத்துவிடலாம். ஏற்றியது தம்பியல்ல, அவன் இடத்துக்கு வந்த ஆள். அம்மா அதோடு பேசுவாள். அக்கா அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அம்மா இருக்கும்வரை.

அடியில் ஏதோ கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது என்றும் எழுதிப் பார்த்தேன். அது என் ஆசை. அந்த வெளுத்த தண்ணீர் ஒத்துழைக்கவில்லை.

அக்கா மூடியை எடுத்து விரல்களில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். கேலிக்கதை எழுத வந்தவன், நான் உங்களைப் பார்க்கிறேன். எதைச் சொல்வதானாலும் மெதுவாகச் சொல்லுங்கள். பாட்டில் இன்னும் அம்மா கையில்தான் இருக்கிறது.